பின்னால் நடந்த ஒட்டகம்

"ப்ளவுஸ் தைக்கணும்னா கீழ, துப்புத் துலக்கணும்னா இங்கிட்டு. நீங்க எதுக்கு வந்தீங்க ஐயா?"

மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்ற பெரியவரைக் குணசேகரன் இப்படித்தான் வரவேற்றான். வந்தவர் சிரிக்கவில்லை. உட்கார ஓர் இடத்தைக் கண்ணால் தேடினார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்த இடத்தில், நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்பு தெரிந்தது. குணசேகரன் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவருக்குப் போட்டான். வாய்தான் அப்படி அவனுக்கு.

திருக்கோகர்ணத்தில் டவுன்பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அந்தக் கட்டடம். கீழே தையல்கடை, மேலே துப்பறியும் அலுவலகம். இரண்டுக்கும் சொந்தக்காரி சொர்ணவல்லி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாதி வாழ்க்கையை மிதிமிஷினில் உட்கார்ந்தே கழித்தவள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எந்தக் கதையில் தையல் பிரிகிறது என்று கேட்டுக் கேட்டே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு கத்தரிக்கோலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டாள். கார் ஓட்டவும், ஆள் பின்னால் அலையவும், வேண்டாத நேரத்தில் ஜோக் அடிக்கவும் குணசேகரனை வைத்திருக்கிறாள். கார் இன்னும் வாங்கவில்லை. இப்போதைக்கு ஸ்கூட்டர்.

"தண்ணி குடிங்க ஐயா. அப்புறம் சொல்லுங்க," என்றாள்.

"எம்பேரு மரியசெல்வம். அறந்தாங்கிப் பக்கம். மகன் ஜஸ்டின், ஓமன்ல எண்ணெய்க் கெணத்துல வேலை. முந்தி நானும் அங்கதான் இருந்தேன். நான் வந்த பெறகு அவன் போனான். ஒரே புள்ள." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

"ஓமன்லன்னு இப்பத்தான நீங்களே சொன்னீங்க?" என்றான் குணசேகரன்.

"வாட்ஸப்புலயும் அப்படித்தான் வருது தம்பி."

மெதுவாகச் சொல்லி முடித்தார். போன வருஷம் மதுரையில் அவருக்கு நெஞ்சு ஆபரேஷன். பிழைப்பதே கஷ்டம் என்று சொல்லி நெடுநாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீடு திரும்பிய பிறகு மகன் போனில் பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் நம்பரிலிருந்து ஒரு சின்ன வீடியோவும் இரண்டு வரியும் வரும். பேசடா என்றால் சிக்னல் இல்லை என்று பதில் வரும். இவருக்கு எழுத்துத் தட்ட வராது, குரலைப் பதிந்து அனுப்புவார். அவன் எழுத்திலேயே பதில் போடுவான்.

"அது வர்றப்ப வீட்டுல யார் யார் இருப்பீங்க?" சொர்ணவல்லி கேட்டாள்.

"நான் மட்டுந்தான். சம்சாரம் சவரியம்மா பூசைக்குப் போயிருப்பா. அவளுக்கு நான் இங்க வந்தது தெரியாதும்மா. தெரியவும் வேண்டாம்."

"அவங்க உடம்பு எப்படி?"

"முட்டி வலிங்கிறா. செவ்வாய்க்கெழமை ஆனா அறந்தாங்கியில ஒரு வைத்தியருட்டப் போறேன்னு கெளம்பிருவா. திரும்பி வந்தா, பாவம், முட்டிக்கிட்டதான் சேலையெல்லாம் மண்ணா இருக்கு." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சொர்ணவல்லியின் முகத்தையே பார்த்தார்.

"எப்பத் தெரியணும் உங்களுக்கு?"

"கல்லறைத் திருநாளுக்குள்ள."

கார்த்திகை பிறப்பதற்கு முன்னால், நவம்பர் தொடக்கத்தில் வருகிற நாள் அது. கத்தோலிக்க வீடுகளில் எல்லோரும் தங்கள் ஆட்களின் கல்லறையைத் துடைத்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். இடுகாடு முழுக்க வெளிச்சமாக இருக்கும். அதற்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

"அன்னைக்கு என்ன ஐயா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே ஒரு டவுன்பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "சொந்தபந்தம் கூடும். ஜஸ்டின் எங்கன்னு கேட்பாக. எனக்குப் பதில் தெரியணும்ல?"

வீடியோக்களைச் சொர்ணவல்லியின் போனுக்கு அனுப்பிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

உங்களில் மிதிமிஷின் மிதித்தவர்களுக்கு இனிச் சொல்லப்போவது சுலபமாகப் புரியும். மிதிக்காதவர்களும் பயப்பட வேண்டாம், இதில் கணக்கெல்லாம் கிடையாது. மிதிமிஷினில் கால் மேலும் கீழும் போகிறது, அதனால் சக்கரம் சுற்றுகிறது. பாலைவனத்தில் எண்ணெய் எடுக்கிற இயந்திரம் அதற்கு நேர் எதிர். அங்கே மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தோடு பூட்டிய இரும்புக் கை, கிணற்று ஏற்றம் மாதிரி மேலே கிடக்கும் உத்திரத்தை ஏற்றி இறக்கும். உத்திரத்தின் மறுமுனையில் குதிரைத் தலையைப் போல ஓர் இரும்பு. அது மேலும் கீழும் ஆட ஆட, கிணற்றுக்குள் தொங்குகிற கம்பி எண்ணெயை இழுத்து இழுத்து வெளியே தள்ளும். சுற்றுகிறதை ஆட்டமாக மாற்றுகிற வேலை. அவ்வளவுதான் சூட்சுமம்.

எல்லா வீடியோவிலும் அந்தக் குதிரைத் தலை ஆடியது. ஓரமாக நீல உடுப்பில் ஜஸ்டின் நின்று கையாட்டினான். நல்ல சிரிப்பு. அசல் சத்தத்துக்குப் பதிலாக ஒரு மாதா பாட்டு ஒட்டியிருந்தது.

"யார் என்ன சொன்னாலும் தலையாட்டுதே அக்கா. கல்யாணம் ஆன குதிரை போலருக்கு," என்றான் குணசேகரன்.

"நீ குதிரையைப் பாக்காத குணா. ஒம் போனையும் குடு."

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு வீடியோக்களை ஓட்டினாள். ஒன்று பழையது, ஆபரேஷனுக்கு முன்பு வந்தது. மற்றொன்று போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டிலும் குதிரைத் தலை வலது பக்கம்தான். இரண்டிலும் அதே ஆட்டம்.

"சக்கரத்தைப் பாரு."

பழையதில் சக்கரம் கடிகார முள் போகிற பக்கம் சுற்றியது. புதியதில் அதற்கு எதிர்ப்பக்கம்.

"இதுல என்னக்கா இருக்கு? எங்க மச்சான் தோட்டத்துல போர் மோட்டாருக்கு த்ரீபேஸ் வயரை மாத்திக் குடுத்துட்டான். அதுவும் இப்படித்தான் திரும்பிச் சுத்துச்சு. தண்ணியைத் தவிர எல்லாம் வந்துச்சு."

"அப்படியும் இருக்கலாம். ஆனா புதுசா மிஷின்ல உக்காந்தவ தப்பா மிதிச்சா என்ன ஆகும்? சக்கரம் பின்னாடி ஓடும், நூலு அறுந்துரும். அப்ப நீ அவ காலைப் பாத்தா ஒண்ணுமே தெரியாது. கால் எப்பவும் போல மேலயும் கீழயுந்தான் போகும். மேல கீழ ஆடுறதெல்லாம் முன்னாடி ஓட்டினாலும் பின்னாடி ஓட்டினாலும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் குணா. குதிரைத் தலையும் அப்படித்தான். கை ஆட்டுறதும் அப்படித்தான். சுத்துறது மட்டுந்தான் காட்டிக்குடுக்கும்."

குணசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "படத்தையே திருப்பி ஓட்டியிருக்காங்கங்கிறியா?"

"மிஷினையும் பையனையும் விட்டுட்டு வேற ஏதாச்சும் அசையுதான்னு பாரு. பெருசு பண்ணு."

படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினான். மணல், வேலி, ஒரு தண்ணீர் டாங்கி. வெகு தூரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. கல் என்று நினைத்தது நகர்ந்தது. அதற்குக் கழுத்து இருந்தது.

"அக்கா, ஒட்டகம்! ரிவர்ஸ்ல போகுதுக்கா! கண்ணாடி கூடப் பாக்காம..." சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் வந்ததில் புதிதாக ஒன்றுகூட இல்லை. அதே நீல உடுப்பு, அதே வேலி. ஒரு வாரம் நேராக, ஒரு வாரம் திருப்பி, ஒரு வாரம் முகத்தை மட்டும் பெரிதாக்கி.

"புதுசா எடுத்து அனுப்ப மாட்டேங்கிறான்னா..." குணசேகரன் இழுத்தான்.

"எடுக்க ஆளு இல்லைன்னு அர்த்தம்," என்றாள் சொர்ணவல்லி. போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பையனின் சிரிப்பு அவளை விடவில்லை.

பிறகு வீடியோவோடு வந்த வரிகளைப் படித்தாள். 'அப்பா, இன்னைக்கு லீவு. ரூம்ல கோழி.' எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை.

"ஒங்க மச்சான் ஒருத்தரு மஸ்கட்லதான இருக்காரு?"

"அவரு வேற மச்சான். ஞாயித்துக்கெழமைன்னா அவரை விடியிறதுக்குள்ள வண்டியில ஏத்திருவாங்க. அங்க லீவு வெள்ளிக்கெழமைல்ல..." நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடடா! இதை எழுதின ஆளுக்கு ஞாயித்துக்கெழமைதான் லீவு!"

"பூசை முடிஞ்சு வந்து கோழி அடுப்புல ஏறுற ஊர்ல இருக்குற ஆளு. கல்ஃபுக்குப் போகாத ஆளு."

"நம்பர் ஓமன் நம்பராச்சேக்கா? ஆனா அது பெரிய விசயம் இல்ல. போன்ல நம்ம ஊர் சிம்மைப் போட்டாலும் வாட்ஸப்பு பழைய நம்பர்லயே கெடக்கும். அவன் போன் கையில இருந்தாப் போதும்."

"அப்ப அந்தப் போன் ஊருக்கு வந்துருச்சு. அவன் வரல." சொர்ணவல்லி எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "முட்டி வலிக்கு வைத்தியம் பாத்துட்டு வர்றவ எண்ணெயோட வரணும். மண்ணோட ஏன் வாரா?"

குணசேகரன் யோசித்தான். இந்தத் தடவை ஜோக் எதுவும் வரவில்லை. "எங்கயோ மண்டி போடுறாங்க," என்றான்.

செவ்வாய்க்கிழமை அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் சவரியம்மா இறங்கினாள். ஒல்லியான உடம்பு, கையில் ஒயர்கூடை. முட்டி வலிக்காரி மாதிரி நடக்கவில்லை. வைத்தியசாலைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகப் போய் ஆவுடையார்கோவில் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்கூட்டர் பின்னாலேயே போனது. முந்தின நாள் பெய்த மழையில் கண்மாய்கள் நிறைந்து ரோட்டோரம் வரைக்கும் தண்ணீர் கிடந்தது.

"பஸ்ஸை முந்திராத."

"இந்த வண்டியை வச்சுக்கிட்டா? பின்னாடி ஒரு வாத்து நம்மளை முந்தப் பாக்குதுக்கா."

ஆவுடையார்கோவில் கோபுரத்தைத் தாண்டி, சூசையூருக்குப் பாதை பிரிகிற விலக்கில் அவள் இறங்கினாள். கருவேலங்காட்டுக்கு நடுவே மண்பாதை. சுற்றுச்சுவர் இல்லாத சின்ன இடுகாடு அது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் ஒயர்கூடையிலிருந்து சுண்ணாம்பு வாளியும் தேங்காய் நார் மட்டையும் எடுத்தாள். ஒரு சிமெண்டுச் சிலுவைக்கு முன்னால் மண்டி போட்டு வெள்ளையடிக்கத் தொடங்கினாள். ஒரு பிள்ளைக்கு முகம் துடைத்துவிடுகிற மாதிரி மெதுவாக அடித்தாள்.

சிலுவையில் எழுதியிருந்தது: ஜஸ்டின், தந்தை மரியசெல்வம். கீழே இருந்த தேதி, அந்தத் தந்தை மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் ஒன்று.

சொர்ணவல்லி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குணசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றான்.

"யாருங்க நீங்க?"

"எம்பேரு சொர்ணவல்லி. மறைக்க எனக்கு மனசில்ல. உங்க வீட்டுக்காரர்தான் அனுப்பினாரு. மகன் எங்கன்னு கேட்டு."

மட்டை அவள் கையிலிருந்து விழுந்தது. சுண்ணாம்பு கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். உதட்டில் வெள்ளை ஒட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. பிறகு தானாகவே பேசினாள்.

"மிஷினை நிப்பாட்டிட்டுத்தான் உள்ள போனானாம். சக்கரத்துல எடைக்கு மாட்டியிருக்குற இரும்பு அடிச்சிருச்சாம். பிரேக்கு பிடிக்கலையாம். சக்கரம் கொஞ்சம் அசைஞ்சுச்சாம். ரொம்ப இல்லம்மா. கொஞ்சந்தானாம்."

"அவரு அப்ப ஆஸ்பத்திரியில."

"நெஞ்சைத் தொறந்து வச்சிருக்காக. அதிர்ச்சியா எதுவும் சொல்லிராதீங்க, தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. இங்கிட்டுப் பெட்டி வந்து நிக்குது. எங்க ஊருல பொதைச்சா எந்திரிச்சு நடந்தன்னைக்கே கண்ணுல பட்டுருமே. இந்தப் பங்குச் சாமியாரு எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். எடம் குடுத்தாரு. சொந்தக்காரக எல்லாரு கால்லயும் விழுந்தேன், யாரும் வாயைத் தொறக்கல. அவரு தேறுனதும் சொல்லிருவோம்னுதான் நெனைச்சேன். தேறி வந்து வாசல்ல நின்னு மொதக் கேள்வியா, ஜஸ்டின் போன் பண்ணானான்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு ஆமாவைத்தான் இன்னைக்கு வரைக்கும் சொமக்கிறேன்."

"அந்த வீடியோ..."

"அவன் சாமானோட போனும் வந்துச்சு. அவன் நின்னு சிரிக்கிற படம் அதுல இருந்ததெல்லாம் அந்த மிஷினுக்கு முன்னாடிதான். வேற இல்ல. அவனை அடிச்ச சக்கரத்தையே நான் அவுக அப்பாவுக்கு அனுப்ப வேண்டியிருக்கு." அவள் சிலுவையின் ஓரத்தில் வழிந்த சுண்ணாம்பை விரலால் சரிசெய்தாள். "பக்கத்து வீட்டு ஷீபா ஒருநா, படத்தைப் பின்னாடி ஓட வைக்கிறது எப்படின்னு அதும் போன்ல வெளையாட்டுக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. நானும் போட்டுப் பாத்தேன். பின்னாடி ஓட்டுனா அந்தச் சக்கரம் எம்புள்ளையை விட்டு வெலகி வெலகிப் போற மாதிரி இருந்துச்சும்மா. அப்படியே பாத்துக்கிட்டே கெடப்பேன். ஒரு ஞாயித்துக்கெழமை கைதவறி அதையே அனுப்பிட்டேன். அவரு ஒண்ணும் கேக்கல. கண்டுபிடிக்கலைன்னு அதுக்கப்புறம் அப்பப்ப அதையும் அனுப்புனேன்."

குணசேகரன் திரும்பி நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தான். திருப்பி நடந்த அந்த ஒட்டகத்துக்குச் சிரித்ததை நினைத்தால் அவனுக்கே என்னவோ போலிருந்தது.

சவரியம்மா சொர்ணவல்லியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஓமன்லதான் இருக்கான், நல்லா இருக்கான்னு சொல்லிருங்கம்மா. ஒங்க புள்ளைக நல்லா இருக்கட்டும். தெரிஞ்சா அவரு நெஞ்சு நின்னுரும். இவனைக் குடுத்துட்டேன், அவரையும் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

என்ன சொல்வாள்? கூலி கொடுக்க வந்தவர் அந்தப் பக்கம், கையைப் பிடித்திருப்பவள் இந்தப் பக்கம். எழுந்து, பாதையோரப் பனைமரம் வரைக்கும் நடந்துபோய், மரியசெல்வத்துக்குப் போன் போட்டாள். மணி அடிக்கும்வரை என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஐயா, சொர்ணவல்லி பேசுறேன்."

"சொல்லுங்கம்மா. நல்லா இருக்கான்னு சொல்லச் சொல்றாளா?"

சொர்ணவல்லிக்கு நினைவில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. மகனைக் காணோம் என்று வருகிற எந்தத் தகப்பனும் எப்படி இருக்கான் என்றுதானே முதலில் கேட்பான்? இவர் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எங்கே இருக்கான் என்று மட்டுமே கேட்டார். அதையும் கல்லறைத் திருநாளுக்குள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"அந்த மிஷின்கூடவே வயசக் கழிச்சவன்மா நானு. எந்தப் பக்கம் சுத்தணும்னு அதுல அம்பு போட்டிருக்கும். மாத்திச் சுத்த விட்டா சூப்பர்வைசர் தொலைச்சிருவான். திரும்பிச் சுத்துறதைப் பாத்த அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, படம் பழசுன்னு. படம் பழசுன்னா, எம்புள்ள..." குரல் நின்றது. மறுபடி வந்தது. "எந்தலை மேல ஃபேனு ஓடுது, வெளிய கோழி மேயுது, எல்லாம் அதுபாட்டுக்கு நடக்குதும்மா. நெஞ்சு நிக்கல. நிக்கும்னு எல்லாரும் பயந்தாக. அது நிக்கவே இல்ல."

"அப்புறம் ஏன் அவங்ககிட்டக் கேக்கல?"

"கேட்டா அப்புறம் அவ யாரா எழுதுவா? வாரா வாரம் அவ புள்ளையாப் பேசுறா, நான் புள்ளைட்டப் பேசுறேன். அம்மாவுக்கு முட்டி வலிக்குதுடா, நான் பாத்துக்கிறேன், நீ கவலைப்படாதன்னு சொல்லுவேன். அன்னைக்கு அவ நாலு வாய் சேத்துச் சாப்பிடுவா. வீட்டுல அவன் பேரு ஞாயித்துக்கெழமை அந்தப் போனுக்குள்ளதான் அடிபடுது. அதைப் போய் நிப்பாட்டச் சொல்றீங்களா? எடத்தை மட்டும் சொல்லுங்கம்மா. அவ போகாத நாளாப் பாத்து ஒருதடவை போயிட்டு வந்துர்றேன். பின்னாடியே போய்ப் பாத்திருப்பேன். அவ திரும்பிப் பாத்துட்டான்னா?"

இடத்தைச் சொன்னால் கணக்கு முடிந்தது. சொர்ணவல்லி சொல்லவில்லை. இடுகாட்டைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கல்லறைகளில் புல் அப்படியே இருந்தது. அவர்கள் வீட்டார் திருநாளன்று வந்து செதுக்குவார்கள். ஜஸ்டினுக்கு மட்டும் இன்றைக்கே வெள்ளை காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, மத்தவங்கள்லாம் திருநாளன்னைக்கு வந்து துடைப்பாங்க. உங்க வீட்டம்மா இன்னைக்கே வந்து வெள்ளையடிக்கிறாங்க. ஏன்னு தெரியுதா? அன்னைக்கு உங்களை விட்டுட்டு அவங்களால வர முடியாது. அவங்களுக்குத் தெரியாம உங்களாலயும் வர முடியாது. இந்தக் காடு பூரா வெளக்கு எரியறப்ப உங்க பையன்கிட்ட மட்டும் யாரும் இருக்க மாட்டாங்க."

துண்டித்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தாள். இல்லை.

"எந்த ஊரும்மா?"

"சூசையூர் விலக்கு. ஆவுடையார்கோவில் தாண்டி."

"அவ இப்ப அவன்கிட்டதான் இருக்காளா?"

"ஆமாங்க."

"இங்க மழை கருக்குது. அவ குடை எடுத்துட்டு வந்தாளா?"

சொர்ணவல்லி கல்லறைப் பக்கம் பார்த்தாள். குடை எதுவும் கண்ணில் படவில்லை. "இல்லீங்க."

போன் வைக்கப்பட்டது.

அவள் திரும்பி வரும்போது சவரியம்மா எழுந்து நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டீங்களாம்மா? என்ன சொன்னீங்க?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒயர்கூடைக்குள் ஒரு போன் டிங் என்றது.

சவரியம்மாவின் போன் அவள் இடுப்பில் இருந்தது. கூடைக்குள் இருந்தது மகனுடையது. செவ்வாய்க்கிழமை அதற்கு யாரும் எதுவும் அனுப்புவதில்லை. சுண்ணாம்பு விரலால் அதை எடுத்து, ஒரு தடவை தவறி, மறுதடவை அழுத்தினாள். மரியசெல்வத்தின் குரல், இடுகாட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"தம்பி ஜஸ்டினு, அப்பா பேசுறேன். அம்மா ஒம்பக்கத்துலதான் இருக்காளாம். அவ குடை எடுக்காம வந்துட்டாடா. கெழக்க இருட்டிக்கிட்டு வருது. நான் குடை எடுத்துக்கிட்டு இந்தா அடுத்த பஸ்ஸுக்கு வாரேன். எனக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க ரெண்டு பேரும் பயப்படாதீங்க. நான் வர்ற வரைக்கும் அம்மாவைப் பாத்துக்க."

குரல் முடிந்தது. காற்றில் கருவேலம் அசைகிற சத்தம் மட்டும் இருந்தது. அவளுக்குப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், கல்லறையின் மேலேயே, இன்னும் காயாத வெள்ளையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை சத்தமில்லாமல் வந்தது. இத்தனை நாளும் வாயை மூடி மூடியே அழுது பழகிவிட்டாள்.

"அக்கா, நான் போய் அவரைக் கூட்டிட்டு வாரேன். பஸ்ஸுல நிக்க வேண்டாம்," என்று சொல்லிக் குணசேகரன் ஸ்கூட்டருக்கு ஓடினான்.

முதல் தூறல் விழுந்தது. சொர்ணவல்லி தன் முந்தானையை விரித்து அவள் தலைமேல் பிடித்தாள். சவரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகன் போனை மடியில் வைத்து, ஓர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். வாங்கப்பா என்று எழுதினாள். அதை அழித்தாள். மறுபடி எழுதி அனுப்பினாள்:

'மெதுவா வாங்கப்பா. அம்மா எங்கூடதான் இருக்கு.'